இருமல் மருந்து விஷம் முதல் கீழடி வயது வரை... மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்றால் என்ன? எளிய விளக்கம்

புரொப்பிலீன் கிளைக்கால், டைஎத்திலீன் கிளைக்கால். பெயரைப் போலவே ஆளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். இரண்டுமே நிறமில்லாத, கொழகொழப்பான, லேசாக இனிக்கும் திரவங்கள். இரண்டு பாட்டிலில் ஊற்றிப் பக்கத்துல பக்கத்துல வச்சா, யாராலும் கண்ணால பார்த்துப் பிரிச்சுச் சொல்ல முடியாது.

ஆனால் முதலாவது, மருந்து தயாரிப்பில் அனுமதிக்கப்பட்ட கரைப்பான். இரண்டாவது, சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் விஷம்.

கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் எடையில் தெரியும். புரொப்பிலீன் கிளைக்காலின் மூலக்கூறு எடை 76, டைஎத்திலீன் கிளைக்காலின் எடை 106. இப்படி மூலக்கூறுகளையும் அணுக்களையும் எடைபோட்டே 'இது இன்னது' என்று அடையாளம் சொல்லும் நுட்பத்துக்குப் பெயர்தான் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. தமிழில் 'நிறை நிறமாலையியல்' என்கிறார்கள்.

இந்த ஒரு துறைக்காக உலகம் முழுக்க விஞ்ஞானிகள் தனியாக மாநாடு நடத்துகிறார்கள். இந்தியாவில் இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. அப்படி என்ன இருக்கு இதுல? நம்ம வீட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

களத்துல நெல்லு தூத்துறதைப் பார்த்திருப்பீங்க. முறத்திலிருந்து எல்லாம் ஒன்றாகத்தான் விழும், காற்றும் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரிதான் அடிக்கும். ஆனால் கனமான நெல் காலடியில் விழும், லேசான பதர் தள்ளிப் போய் விழும். எது எவ்வளவு தூரம் போனது என்பதே அதன் எடையைச் சொல்லிவிடும்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியும் இதைத்தான் செய்கிறது. காற்றுக்குப் பதில் அங்கே மின்புலமும் காந்தப்புலமும்.

முதல் படி: சோதிக்க வேண்டிய பொருளின் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுப்பார்கள். மின்னூட்டம் பெற்றவை 'அயனி' எனப்படும். மின்னூட்டம் இருந்தால்தான் கருவியால் அதைத் தள்ளவும் இழுக்கவும் முடியும்.

இரண்டாவது படி: இந்த அயனிகளை வெற்றிடத்துக்குள் வேகமாகச் செலுத்துவார்கள். லேசானது ஒரு பாதையில் போகும், கனமானது வேறு பாதையில் போகும். சில கருவிகளில் பாதைக்குப் பதிலாக, யார் முதலில் வந்து சேர்கிறார் என்று ஓட்டப்பந்தயம் மாதிரி நேரத்தைக் கணக்கெடுப்பார்கள்.

மூன்றாவது படி: எந்த எடையில் எத்தனை அயனிகள் வந்தன என்று எண்ணி, கணினி ஒரு வரைபடமாகக் காட்டும். போகிற வழியில் சில மூலக்கூறுகள் உடைந்து துண்டாகும். அந்தத் துண்டுகளின் எடையும் பதிவாகும். எப்படி உடைகிறது என்பது ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை மாதிரி. அதை ஏற்கெனவே தெரிந்த கைரேகைகளோடு ஒப்பிட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான்.

யார் கண்டுபிடித்தது?

எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன்தான் இதற்கும் தொடக்கம். 1912-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நியான் வாயுவை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றுக்குப் பதில் இரண்டு எடைகள் தெரிந்தன: 20 மற்றும் 22. ஒரே தனிமத்தின் அணுக்களுக்கு வேறு வேறு எடை இருக்கலாம் என்பதற்கு அது முக்கியமான சான்றானது. இவற்றைத்தான் ஐசோடோப் என்கிறோம். தாம்சனிடம் உதவியாளராக இருந்த பிரான்சிஸ் ஆஸ்டன் 1919-ல் இன்னும் துல்லியமான கருவியை உருவாக்கினார். 1922-ல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆனால் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் நீண்ட காலம் தண்ணி காட்டின. மின்னூட்டம் கொடுக்கப் போனால் சிதறிவிடும். இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் ஜான் ஃபென், ஜப்பானின் கொய்ச்சி தனாக்கா. இருவரும் 2002-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தனாக்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் கிடையாது, முனைவர் பட்டமும் வாங்கியதில்லை. கியோட்டோவில் கருவிகள் தயாரிக்கும் ஷிமாட்சு நிறுவனத்தின் பொறியாளர். சோதனையில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். கொட்ட மனசு வராமல் அதையே சோதித்துப் பார்த்ததுதான் திருப்புமுனை.

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் நடந்தது என்ன?

பூந்தமல்லி, நசரத்பேட்டை வழியாகப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயர் 2025 அக்டோபரில் நாடு முழுக்க அடிபட்டது. காரணம், இங்கே இயங்கிய ஸ்ரீசன் ஃபார்மா நிறுவனம் தயாரித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து.

மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா பகுதியில் சாதாரண சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்தது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர்.

அந்த மாநிலத்திலிருந்து தகவல் வந்ததும், தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகள் சுங்குவார்சத்திரம் ஆலையில் மாதிரிகளை எடுத்தனர். சென்னையில் உள்ள அரசு ஆய்வகத்தில் சோதித்தபோது, எஸ்.ஆர்-13 என்ற பேட்ச் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு அதிகபட்சம் 0.1 சதவீதம்தான். அதாவது வரம்பைப் போல 486 மடங்கு! மருந்துக்குத் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டது, நிறுவனத்தின் உரிமமும் பின்னர் ரத்தானது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆய்வு முடிவு பற்றி அறிவிக்கும் முன்பு, தாங்கள் சேகரித்துச் சோதித்த மாதிரிகளில் இந்த நச்சு இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் அக்டோபர் 3-ம் தேதி சொல்லியிருந்தது. அப்போ கருவி பொய் சொல்லுதா? இல்லை. எந்த பாட்டிலைக் கொடுத்தார்களோ அந்த பாட்டிலைப் பற்றி மட்டும்தான் கருவி பேசும். எந்த பேட்ச், எந்தக் கடை, எந்த ஆலை என்று தேடிப் பிடித்து சரியான மாதிரியைக் கொண்டுவருவது மனிதர்கள் வேலை.

இன்னொன்று, இந்த விஷத்தைக் கண்டுபிடிக்க உலகத்தின் விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் 'கேஸ் குரோமட்டோகிராஃபி' கருவியே போதும். துளியும் சந்தேகம் இல்லாமல் உறுதிசெய்ய வேண்டும் என்றால் அதோடு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இணைத்துப் பார்ப்பார்கள். மூலப்பொருள் வந்த அன்றே முறையாகச் சோதித்திருந்தால், இந்த பேட்ச் ஆலை வாசலைத் தாண்டியிருக்காது.

இது புதிய விஷமும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்தால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1970-களின் தொடக்கத்தில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்ததும் இதுவே. 2022-ல் ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் குழந்தைகள் இறந்தபோதும் இந்தப் பெயர்தான் அடிபட்டது.

கீழடியின் வயதைச் சொன்னதும் இதுவா?

ஆமாம். இதே நுட்பத்தின் பெரிய அண்ணன் 'ஆக்சிலரேட்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி'. சுருக்கமாக ஏ.எம்.எஸ்.

உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன் இருக்கும். அதில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை மிக மிகக் கொஞ்சம். ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு சுமார் ஒன்றுதான் தேறும். மரம் செத்துவிட்டால் புதிதாக கார்பன்-14 உள்ளே வராது. இருப்பதும் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே, கரித்துண்டில் மிச்சம் எவ்வளவு என்று எண்ணினால் மரம் எப்போது செத்தது என்று கணக்குப் போடலாம்.

பழைய முறையில் இதற்குக் கிராம் கணக்கில் கரி தேவைப்பட்டது. 1970-களின் இறுதியில் வந்த ஏ.எம்.எஸ். முறையில் அணுக்களையே நேரடியாக எண்ணுவதால் ஒரு மில்லிகிராம் அளவுக்குக் கார்பன் கிடைத்தாலே போதும்.

கீழடியில் கிடைத்த 6 கரிம மாதிரிகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று முடிவு வந்தது. 2019 செப்டம்பரில் இந்த முடிவு வெளியானபோதுதான் கீழடி வீட்டுக்கு வீடு பேசுபொருளானது.

2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சிவகளை உள்ளிட்ட இடங்களின் மாதிரிகள் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்டன. ஒரே ஆய்வகத்தை மட்டும் நம்பி நிற்காமல் பல இடங்களில் கேட்பது, முடிவுக்கு வலு சேர்க்கும்.

அதே நேரம், கருவி சொல்வது கரித்துண்டின் வயதை மட்டும்தான். அந்தக் கரி எந்த மண் அடுக்கில், எந்தப் பொருளோடு கிடந்தது என்று சொல்ல வேண்டியது தோண்டியவர்கள். கீழடி அறிக்கையைத் திருத்தச் சொல்லி 2025-ல் இந்தியத் தொல்லியல் துறை கேட்டதும், தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணன் தன் காலக்கணிப்பில் உறுதியாக நின்றதும் இந்த இடத்தில்தான். மண் அடுக்குகளின் வரிசையும் ஏ.எம்.எஸ். முடிவுகளும் தன் கணிப்புக்கு ஆதாரம் என்பது அவர் வாதம்.

வேறு எங்கெல்லாம் பயன்படுகிறது?

நிலவில்: 2008 நவம்பர் 14-ம் தேதி சந்திரயான்-1-ல் இருந்து பிரிந்து நிலவில் மோதிய கலனில் 'சேஸ்' என்ற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது. தண்ணீரின் மூலக்கூறு எடை 18. நிலவின் மிக மெல்லிய வாயு மண்டலத்தில் அந்த 18-ஐ அது பதிவு செய்தது. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் நம்ம மயில்சாமி அண்ணாதுரை.

அணுசக்தியில்: யுரேனியம்-235, யுரேனியம்-238 இரண்டும் வேதியியல்படி ஒன்றுதான், எடைதான் வேறு. எரிபொருளில் எது எவ்வளவு என்று பார்க்க, கல்பாக்கம் போன்ற அணு ஆராய்ச்சி மையங்களில் இந்தக் கருவி இல்லாமல் முடியாது.

மருத்துவத்தில்: பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் பல பிறவி வளர்சிதைக் குறைபாடுகளைக் கண்டுபிடிக்கலாம். கிருமியை வளர்த்தெடுத்த பிறகு, அது எந்தக் கிருமி என்று சில நிமிடங்களில் சொல்லலாம்.

விளையாட்டு, உணவில்: வீரர்களின் ஊக்கமருந்து சோதனை, காய்கறி, பழங்களில் பூச்சிமருந்து எச்சம், மசாலாவில் கலப்படம்... எல்லாவற்றுக்கும் இறுதி வார்த்தை பெரும்பாலும் இதனுடையதுதான்.

மாநாட்டில் என்னதான் பேசுவார்கள்?

இத்துறையின் முதல் சர்வதேச மாநாடு 1958-ல் லண்டனில் நடந்தது. இந்தியாவில் 1978-ல் தொடங்கப்பட்ட இந்திய மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சங்கம், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தைத் தலைமையிடமாகக் கொண்டு கருத்தரங்குகளை நடத்தி வருகிறது.

'கருவியின் பயன்பாடுகள்' என்று தலைப்பு இருந்தாலும், அங்கே சூடாகப் பேசப்படும் விஷயங்கள் ரொம்ப அடிப்படையானவை. மாதிரியை எப்படி எடுப்பது? வேறு எதுவும் கலந்துவிடாமல் எப்படிக் கொண்டுவருவது? ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்கள் சோதித்தால் ஒரே விடை வருகிறதா? வரவில்லை என்றால் தவறு எங்கே? தராசு சரியா என்று பார்க்க முத்திரையிட்ட எடைக்கல் இருப்பது போல, கருவியைச் சரிபார்க்க நம்பகமான நிலையான மாதிரி இருக்கிறதா?

நீதிமன்றத்திலோ, மருத்துவமனையிலோ, ஏற்றுமதி செய்யும் துறைமுகத்திலோ ஒரு ஆய்வக முடிவை நம்பலாமா என்பது இந்தக் கேள்விகளுக்கான பதிலில்தான் இருக்கிறது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளும் ஆலைகளும் நிறைந்த பூந்தமல்லி – நசரத்பேட்டை – ஸ்ரீபெரும்புதூர் பகுதி மாணவர்களுக்கு இது வேலைவாய்ப்புள்ள துறையும்கூட. கருவியை வாங்கிவிடலாம். அதை இயக்கவும், வரும் வரைபடத்தைப் படித்துச் சொல்லவும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

பெற்றோர்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் யாராலும் மருந்தைச் சோதிக்க முடியாது. ஆனால் சில விஷயங்கள் நம்ம கையில் இருக்கிறது.

2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக்கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

மருந்து தீர்ந்த பாட்டிலையும் பில்லையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். பேட்ச் எண் அதில்தான் இருக்கும். பிரச்சினை என்று வந்தால், ஆய்வகத்துக்கு முதலில் தேவைப்படுவது அந்த பாட்டில்தான்.

மருந்து குடித்த பிறகு குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, நின்றுபோனாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீதி மருந்தோடு பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.