தெப்பத்தில் சாமி, கரையில் நிருபர்

செஞ்சியில் படகு கிடையாது. ராஜகிரி அடிவாரத்தில் செட்டிகுளம் உண்டு, சக்கரகுளம் உண்டு. இரண்டிலும் யாரும் துடுப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. ஊரை ஒட்டிய சங்கராபரணியில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். எங்கள் ஊரின் பேர்போன தண்ணீர்க் கதையிலும் படகு வராது. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்து வந்தபோது ஆறு கரைபுரண்டு ஓடியது. செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் குதிரையோடு வெள்ளத்தில் இறங்கிவிட்டான். பின்னால் வரவேண்டிய படையில் பெரும்பகுதி கரையிலேயே நின்றுவிட்டது. அக்கரையில் நடந்த சண்டையில் அவன் விழுந்தான். தெருக்கூத்துக்காரர்கள் குதிரையைப் பற்றி விடிய விடியப் பாடுவார்கள். அன்று நாலு பரிசல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பாடுவதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, உல்லாசப் படகைப் பற்றி எழுதிய பத்திரிகைக்காரர்களின் கதையை நான் தேடுவதற்கு அந்த ஆறுதான் காரணம். செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, 1959இல் கட்டி முடித்த வீடூர் அணையைத் தாண்டி, திருக்காஞ்சி வழியாகப் புதுச்சேரிக்குள் நுழைந்ததும் அது கிளை பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பத்து ஆறு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய வணிகத்தின் தடயங்களை எடுத்த அரிக்கமேடு அதன் கரையில் இருக்கிறது. இன்னொன்று சுண்ணாம்பாறு. அங்கே நோணாங்குப்பத்தில் புதுச்சேரி சுற்றுலாக் கழகத்தின் படகுக் குழாம். அந்தப் பக்கத்தில் ஆற்றுக்கு இன்றும் செஞ்சி ஆறு என்றொரு பெயர் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்துபோகும் தண்ணீரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள்.

நான் பகுதிநேர நிருபர். காந்தி பஜாரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். செய்தி எழுதுவது உபதொழில். கூட்டுரோட்டில் லாரி கவிழ்ந்தால், மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூட்டம் நெரிந்தால், மணிலாக் கொட்டை விலை இறங்கினால் எழுதுவேன். பல வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகை, காணும் பொங்கல் மலருக்குச் சுண்ணாம்பாற்றுப் படகுச் சவாரியைப் பற்றி அரைப்பக்கம் கேட்டது. போனேன், எழுதினேன், படமும் எடுத்தேன். கட்டுரை வந்தது, பெயர் வரவில்லை. ‘நமது நிருபர்’ என்று போட்டார்கள். படகுக்குக் கொடுத்த காசும் பஸ் செலவும் என் கணக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வரிசையில் இருப்பவர்களுக்கு அதுதான் வழக்கம். ஆனால் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. கிரிக்கெட்டுக்கு நிருபர் உண்டு, சினிமாவுக்கு உண்டு, கோயிலுக்கும் உண்டு. தமிழில் படகுக்கென்று ஒரு நிருபர் எப்போதாவது இருந்தாரா?

தேடினால் முதலில் கிடைப்பவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷி. 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டு மரியாதை செய்தார்கள், சலங்கு என்னும் படகுகள் அலையில் என்ன பாடுபட்டன என்று துறைமுகத்து நிருபரைப் போல எழுதிவைத்தார். 1750இல் பிரெஞ்சுப் படை செஞ்சியைப் பிடித்த காலத்தை அறியவும் அவரிடம்தான் போக வேண்டும். அவர் எழுதியதற்கு அவர் காலத்தில் வாசகர் இல்லை. 1846இல்தான் கையெழுத்துப் படிகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அச்சேறியது. அதற்கப்புறம்தான் தமிழ் மூலம் அச்சுக்கு வந்தது. தமிழில் எழுதியவனின் தமிழ் கடைசியாக வந்து சேர்ந்தது. பிள்ளையின் படகுகளில் ஏறியது சரக்கும் துரைமாரும்தான். பொழுதுபோக்குக்காக யாரும் சலங்கில் ஏறமாட்டார்கள். அந்த அலையில் ஏறவும் முடியாது.

நம் நாட்டில் வேலை வெட்டி இல்லாமல் படகில் ஏறும் பாத்தியதை நெடுங்காலம் சாமிக்குத்தான் இருந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கநாதரும் மிதந்து சுற்றி வருகிறார்கள். மனிதர்கள் கரையில் நின்று வடம் பிடிக்கிறார்கள். மீன் பிடிப்பவன், உப்பு ஏற்றுபவன், அக்கரைக்குப் போகிறவன், இவர்களுக்குப் படகு பிழைப்பு. பிழைப்பாக இருப்பதை ரசித்து எழுத வேண்டுமென்றால் எழுதுகிறவன் முதலில் அந்தப் பிழைப்புக்கு வெளியே நிற்க வேண்டும்.

வெள்ளைக்காரன் வெளியே நின்றான். கொடைக்கானலில் வெரே லெவிங்கே 1863இல் ஏரியை அமைத்தார். 1890இல் அங்கே படகுக் கிளப் வந்துவிட்டது. அடையாற்றில் மெட்ராஸ் போட் கிளப் 1867இலேயே தொடங்கியது. 1911இல் பாய்மரப் படகுக்காரர்களுக்குத் தனிக் கிளப். போட் கிளப் தொடங்கிய மறு ஆண்டே, 1868இல், ‘மெட்ராஸ் மெயில்’ பத்திரிகை பிறந்தது. கிளப் உறுப்பினர்களும் மெயிலின் வாசகர்களும் ஏறக்குறைய ஒரே கூட்டம். ஜெயித்தவர் பெயரும் நேரமும் போட்டால் போதும், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அங்கேயும் படகு எழுத்து ஒரு தொழிலாக வளரத் தேவை இருக்கவில்லை. படகைப் பற்றித் தீவிரமாக எழுதியவர் ஒரு அதிகாரி, ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநர். இந்தியப் படகுகளின் அமைப்பையும் தோற்றத்தையும் பற்றி 1920இல் அவர் வெளியிட்ட ஆய்வை இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் புரட்டுகிறார்கள். அவருக்குச் சம்பளம் மீன்துறை தந்தது.

தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் உல்லாசமாகப் படகில் போன நாள் ஒன்று எனக்குத் தெரியும். 1934ஆம் ஆண்டு. பக்கிங்காம் கால்வாயில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணி. ஏறியவர்களைப் பாருங்கள். குத்தூசி குருசாமி, சுயமரியாதை இயக்கத்தின் ‘ரிவோல்ட்’ ஏட்டிலும் பின்னாளில் ‘விடுதலை’யிலும் எழுதித் தீர்த்தவர். அவர் மனைவி குஞ்சிதம். பெரியாரின் வரலாற்றைப் பிறகு எழுதிய சாமி சிதம்பரனார். ஆராய்ச்சியாளர் மயிலை சீனி. வேங்கடசாமி. இன்னும் சில தோழர்கள். இவர்களோடு புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பாரதிதாசன். வழக்கு, தடை, சந்தா பாக்கி என்று திணறிக்கொண்டிருந்த ஏடுகளின் ஆட்கள் அன்று தண்ணீரில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

அந்தக் கால்வாயைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1806இல் பேசில் காக்ரன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய துண்டுதான் ஆரம்பம். 1876–78 பஞ்சத்தில், பசிக்குக் கூலி தருவதற்காக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபு பெயரை வைத்தார்கள். வெட்டியவர்கள் எலும்பும் தோலுமானவர்கள். அவர்கள் பெயர் எதிலும் இல்லை. ஆந்திரத்திலிருந்து விறகும் நெல்லும் உப்பும் அதில் வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் மூங்கில் கழி, அதுவும் போதாவிட்டால் கரையில் நடந்து கயிறு பிடித்து இழுப்பது. ஆக, மாமல்லபுரம் போன தோணியும் அடிப்படையில் ஒரு பஞ்ச நிவாரண வேலையின் மேல்தான் மிதந்தது.

பயணத்தின் பலன் ஒரு பாட்டு: ‘மாவலிபுரச் செலவு’. அதன் தொடக்கத்தில் கவிஞர் கால்வாயைப் புதுச்சேரி வரை நீட்டிவிடுகிறார். தாலுகா நிருபர் என்ற முறையில் ஒரு திருத்தம்: கால்வாய் எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்திலேயே நின்றுவிடுகிறது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகப் போனால் உப்பளங்களுக்குப் பக்கத்தில் அதன் வாலைப் பார்க்கலாம். சொந்த ஊர்ப் பாசத்தில் செய்த நீட்டல் என்று விட்டுவிடலாம். என்னைப் பொறுத்தவரை, உல்லாசப் படகுச் சவாரியைப் பற்றித் தமிழில் வந்த ஆகச் சிறந்த ‘ரிப்போர்ட்’ அதுதான். எழுதியவர் நிருபர் அல்ல. நிருபர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அவர்களுக்கு வேறு சண்டை காத்திருந்தது. பாரதிதாசனுக்கு சாகித்திய அகாதமி விருது வந்தபோது அவர் இறந்து ஐந்து ஆண்டாகியிருந்தது, அதுவும் ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்கு.

கடலுக்கு அப்பாலும் ஒரு கதை உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவர் சிறு படகில் உலகைச் சுற்றி வந்து, 1932இல் அதைப் புத்தகமாக்கிப் பேர் வாங்கியவர். படகு எழுத்தால் பிழைக்க முடிந்த ஜாதி. 1937இல் வல்வெட்டித்துறையிலிருந்து கிளம்பிய கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. தண்டயல், அதாவது கப்பல் தலைவர், கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. உடன் வல்வெட்டித்துறைக் கடலோடிகள். பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கப்பலுக்கு ராபின்சன் தன் மனைவி பெயரை வைத்திருந்தார். தமிழ்க் கடலோடிகள் செய்தியாக வந்தார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிய அந்தப் பயணத்தை அவர்களில் ஒருவர் தம் கையால் எழுதியிருந்தால் நமக்கு எப்பேர்ப்பட்ட புத்தகம் கிடைத்திருக்கும்!

மேற்கில் இது தொழிலாகவே நின்றது. இங்கிலாந்தில் மாரிஸ் கிரிஃபித்ஸ் 1927 முதல் 1967 வரை ‘யாட்டிங் மன்த்லி’க்கு ஆசிரியர், சம்பளத்துக்குப் படகை எழுதி ஒரு ஆயுளை ஓட்டினார். அவர் வாங்கிய ஜார்ஜ் மெடல் போரில் கடல் கண்ணிவெடிகளைச் செயலிழக்கச் செய்ததற்காக, எழுத்துக்காக அல்ல. 1970இல் அமெரிக்காவில் படகு எழுத்தாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, ஆண்டுதோறும் தங்களுக்குள்ளேயே பரிசும் கொடுத்துக்கொள்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் வேறு யாரும் கொடுக்காத பரிசைத் தாமே கொடுத்துக்கொள்வதில் தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இங்கே அங்கீகாரம் கிடைத்தவரைச் சொல்லாமல் விடக்கூடாது. எஸ். முத்தையா. 1951 முதல் 1968 வரை இலங்கையில் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’. அப்புறம் சென்னையில் வரைபட அச்சகம். 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’. கிளப்பும் கால்வாயும் துறைமுகமும் அவர் பத்திகளில் வந்தபடியே இருந்தன. 2002இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. பட்டம் தந்தது, சென்னையின் பாரம்பரியத்துக்காகப் பாடுபட்டதற்கு. ஆங்கிலத்தில் எழுதியவருக்கு அரண்மனையின் விருது. தமிழில் பயணத்தையே தொழிலாகக் கொண்ட ஏ.கே. செட்டியார் தம் எழுத்துக்குத் தாமே ‘குமரி மலர்’ என்று பத்திரிகை நடத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

சட்டமும் எங்களை ரொம்ப நாள் பார்க்கவில்லை. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், பத்திரிகைத் தொழிலே முதன்மைத் தொழிலாக இருப்பவரைத்தான் பத்திரிகையாளர் என்றது. எனக்கு முதன்மைத் தொழில் ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம்தான் சோறு போட்டது. 1981இல் திருத்தம் செய்து பகுதிநேரக்காரர்களையும் சேர்த்தார்கள். பாலேகர், பச்சாவத், மணிசானா, மஜிதியா என்று ஊதியக் குழுக்கள் வந்தன. மஜிதியா பரிந்துரையை 2014இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. தாலுகா நிருபரின் வருமானம் அப்போதும் செய்திக்கு இவ்வளவு, விளம்பரம் பிடித்தால் கமிஷன் என்றுதான் ஓடியது. தீபாவளிக்கு ஜவுளிக்கடை விளம்பரம் பிடிக்காத நிருபர், எழுத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஆபீசில் மதிப்பில்லாதவர். சுண்ணாம்பாற்றைப் பற்றி எழுதுபவர் படகுக் குழாமின் விளம்பரத்தையும் கேட்டு வாங்கிவர வேண்டியவர். பிறகு எப்படி, லைஃப் ஜாக்கெட் கிழிந்திருக்கிறது என்று எழுதுவார்? படகு எழுத்து நம்மிடம் வளராததற்கு நீச்சல் தெரியாததைவிட இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பக்கிங்காம் கால்வாயில் 1960களின் புயல்களுக்குப் பிறகு சரக்குத் தோணி அற்றுப்போனது. அதே நீர்வழியை ஒட்டிய முட்டுக்காட்டில் 1984இல் சுற்றுலாத் துறை படகுக் குழாம் திறந்தது. உப்பு ஏற்றிய இனத்தார் ஒதுங்க, டிக்கெட் எடுத்த இனத்தார் ஏறினார்கள். சாமியின் பாத்தியதை ஒருவழியாக ஜனங்களுக்கு வந்தது என்று நான் சந்தோஷப்படுகிறேன். இந்த மாற்றத்தை உட்கார்ந்து எழுதத்தான் யாருக்கும் சம்பளம் கிடைக்கவில்லை.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை என்பதால், மராட்டியரின் 12 கோட்டைகளில் ஒன்றாக. மீதி 11ம் மகாராஷ்டிரத்தில். அன்று சென்னையிலிருந்தும் டில்லியிலிருந்தும் நிருபர்கள் வந்து இறங்கினார்கள்; வழி காட்டியதும் பழைய படம் எடுத்துக் கொடுத்ததும் உள்ளூர்க்காரர்கள். அதே பட்டியலில் கந்தேரியும் சுவர்ணதுர்க்கமும் கடலுக்குள் இருக்கின்றன, படகேறித்தான் போக வேண்டும். அந்தக் கரையிலும் என்னைப் போல ஒரு பகுதிநேர நிருபர் இருப்பார். அவரைப் பார்த்தால், படகுக் கூலியைப் பத்திரிகை தருகிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.