அமைதி வேண்டும் பாடலும் அரசாணையும்

கோவாவில் போர்ச்சுகீசிய மொழி ஆட்சியால் மட்டும் பரவவில்லை, பாட்டாலும் பரவிற்று. 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தெருக்களில் மணியடித்துச் சிறுவரைத் திரட்டி, வேதபாடத்தைப் பாட்டாகக் கற்பித்தார். பின்னர் பங்குக் கோயில்களை ஒட்டி எழுந்த பள்ளிகளில் எழுத்தும் வேதபாடமும் இசையும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. பாடப் பழகிய சிறுவனின் நாவில், பொருள் விளங்குமுன்பே அயல்மொழியின் ஒலி படிந்தது.

அவ்வாறு படிந்தவை பெரும்பாலும் அகம் சார்ந்த சொற்கள்: ஆன்மாவுக்கு 'அல்மா', பாவத்துக்கு 'பெக்காது', அமைதிக்கு 'பாஸ்'. தமிழ் அம்மொழியிடமிருந்து பெற்ற சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவை வீட்டுப் புழக்கத்தோடு வந்தவை. வழிபாட்டின் வழியே கற்ற மொழியோ மனத்தின் பக்கமிருந்து நுழைய முயன்றது.

ஆனால் அமைதியை வேண்டிய அப்பாடல்கள் ஒலித்த நிலத்தில் அமைதி இல்லை. 1560-இல் கோவாவில் மதவிசாரணை மன்றம் நிறுவப்பட்டது. 1684-இல் வெளியான ஆணை, மக்கள் கொங்கணியைக் கைவிட்டு மூன்றாண்டுகளுக்குள் போர்ச்சுகீசியம் பேசவேண்டும் என்றது. குருக்களும் ஆசிரியர்களும் அம்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்றது.

அந்த ஆணை தன் நோக்கத்தை எய்தவில்லை என்பதற்குக் கொங்கணியே சான்று. கோவாக் கத்தோலிக்கர் கோயிலை 'இகர்ஜ்' என்பர். திருப்பலியை 'மீஸ்' என்பர். இரண்டும் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. ஆனால் அவர்களுடைய மன்றாட்டில் ஆன்மா 'ஆத்மோ', பாவம் 'பாதக்', அமைதி 'சாந்தி'. கட்டடத்துக்கும் சடங்குக்கும் அயற்சொல்லை ஏற்ற மக்கள், உள்ளத்துக்கு உரியவற்றைத் தாய்மொழியிலேயே வைத்துக்கொண்டனர்.

மகாராட்டிரக் கடற்கரையில் சௌல் அருகே உள்ள கொர்லாயில் நிகழ்ந்தது வேறு. 1740-இல் போர்ச்சுகீசியர் அப்பகுதியை விட்டு நீங்கினர். ஆயினும் அவ்வூர்க் கிறித்தவர் போர்ச்சுகீசியத்திலிருந்து கிளைத்த கலப்புமொழியை இன்றும் பேசுகின்றனர். அதை அவர்கள் 'நோ லிங்' என்பர். 'எங்கள் மொழி' என்பது அதன் பொருள். அதைக் காக்க எந்த ஆணையும் அங்கில்லை; வீடும் கோயிலும் இருந்தன.

கோவாவில் மூன்றாண்டுத் தவணை விதித்த அரசு 1961-இல் முடிவுற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அங்குத் திருப்பலி கொங்கணியிலேயே நிகழ்கிறது. அமைதிக்கான வேண்டலில் ஒலிப்பது 'சாந்தி'.