2618: ஒரு பிஸ்டனுக்குள் இருக்கும் நூறு ஆண்டுகள்

பழைய டர்போ கார் ஒன்றின் என்ஜினைப் பிரித்துத் திரும்பக் கட்டுவதற்கு பிஸ்டன் தேடத் தொடங்குங்கள். இரண்டு நாளுக்குள் ஓர் எண்ணோடு முட்டுவீர்கள்: 2618. சில பெட்டிகளில் 4032 என்று இருக்கும். விற்பவர்கள் இரண்டையும் 'ஃபோர்ஜ்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் எண்ணைப் பார்ப்பதே இல்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஒரு பந்தயக்காரர், ஓர் ஆய்வுகூடம், இரண்டு உலகப் போர்கள், கொன்கோர்ட் விமானம் எல்லாம் இதற்குள் வருகின்றன.

முதலில் பிஸ்டன். அம்மா யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் இதை முசலம் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். முசலம் என்றால் உலக்கை. நல்ல பெயர். சிலிண்டர் என்ற உரலுக்குள் மேலும் கீழும் போய்வருகிற உலக்கை. ஆனால் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் என்ஜினில் இந்த உலக்கை ஒரு செக்கனுக்கு 200 தடவை நின்று திரும்ப வேண்டும். அதன் தலைக்கு மேலே எரிகிற வாயு 2000 பாகை செல்சியஸைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்பட்ட அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். வாங்குகிற வெப்பத்தை வளையங்கள் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும், கீழே தெறிக்கும் எண்ணெய்க்கும் உடனுக்குடன் கொடுத்துவிடுவதால்தான் அது பிழைத்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஸ்டன் என்றால் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான். இரும்பு கனமானது, வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். வேகத்தைக் கூட்டினால் தலை சிவக்கும், பிஸ்டன் இறுகும். அலுமினியம் அதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு இலேசு, வெப்பத்தையும் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகக் கடத்தும். ஆனால் அது உள்ளே தாங்காது என்பதே பெரும்பாலான பொறியியலாளர்களின் எண்ணம்.

1913 இல் டபிள்யூ. ஓ. பென்ட்லி இலண்டனில் டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சுக் கார்களை விற்றுக்கொண்டிருந்தார். பென்ட்லி என்ற பெயரில் கார் இன்னும் பிறக்கவில்லை. பிரான்சில் அந்தத் தொழிற்சாலைக்குப் போனபோது, மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த ஒரு சின்ன அலுமினியப் பொருள் அவர் கண்ணில் பட்டது. சிறிய பிஸ்டன் வடிவத்தில் செய்த அலங்காரப் பொருள். இதையே உண்மையான பிஸ்டனாகச் செய்தால் என்ன என்று கேட்டார். 88 வீதம் அலுமினியம், 12 வீதம் செம்பு என்ற கலவையில் பிஸ்டன்கள் வார்க்கப்பட்டன. அவற்றைப் போட்ட கார் பந்தயங்களில் தன் அளவுக்கு மிஞ்சி ஓடியது. காரணத்தை அவர் வெளியே விடவில்லை.

1914 இல் முதலாம் உலகப் போர் வந்ததும் அந்த இரகசியத்தை அவரே கொண்டுபோய் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவிடம் கொடுத்தார். அவர்கள் அவரை ரோல்ஸ் ரோய்ஸுக்கும் சன்பீமுக்கும் அனுப்பினார்கள். பிறகு அவரே வடிவமைத்த பி.ஆர். 1 என்ற என்ஜின் சோப்வித் கமல் போர் விமானங்களில் பறந்தது. அதில் பிஸ்டனும் அலுமினியம், சிலிண்டரும் அலுமினியம், உள்ளே மட்டும் இரும்பு உறை. போருக்குப் பிறகு அரசு அவருக்கு 8,000 பவுண் பரிசு கொடுத்தது. 1919 இல் பென்ட்லி மோட்டார்ஸ் தொடங்கியது.

இவை எல்லாம் வார்த்த பிஸ்டன்கள். இந்த இடத்தில் தமிழ் நமக்கு உதவி செய்கிறது. தோசை வார்ப்பது உங்களுக்குத் தெரியும்: மாவை ஊற்றுகிறோம், அது இறுகி உருவமாகிறது. உலோகம் வார்ப்பதும் அப்படித்தான். உருக்கு, அச்சில் ஊற்று, ஆறவிடு. ஆறும்போது உள்ளே நுண்ணிய துளைகள் தங்கிவிடலாம். கத்தியை யாரும் வார்ப்பதில்லை, கத்தியை அடிப்பார்கள். கொல்லன் பட்டறையில் சூடான இரும்பை அடித்து அடித்து வடிவம் எடுப்பதுபோல, 400 பாகைக்கு மேல் சூடாக்கிய அலுமினியத் துண்டை அச்சுக்குள் வைத்து பெரிய அழுத்த இயந்திரத்தால் நசுக்கினால் வருவது ஃபோர்ஜ்ட் பிஸ்டன். உலோகம் உருகவே இல்லை. அதன் மணிகள் நெருங்கி, பிஸ்டனின் வடிவத்தோடு வளைந்து ஓடுகின்றன. ஓங்கி அடி விழுந்தால் வார்த்தது உடையும், அடித்தது பெரும்பாலும் நெளியும்.

ஆனால் எந்தக் கலவையை அடிப்பது? சூட்டிலும் பலம் குறையாத கலவை வேண்டும். அதைத் தேடியவர்கள் டெடிங்டனில் உள்ள தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தில் இருந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர்கள் வரிசையாகக் கலவைகளைச் சோதித்தார்கள். வெற்றி பெற்றது 'வை' என்ற எழுத்து: 4 வீதம் செம்பு, 2 வீதம் நிக்கல், 1.5 வீதம் மக்னீசியம், மீதி அலுமினியம். பெயர் வைக்கக்கூட நேரமில்லாமல் 'வை கலவை' என்றே உலகம் முழுவதும் போனது. எனக்கு இந்தப் பகுதிதான் மிகப் பிடிக்கும். விமானி இல்லை, பந்தயம் இல்லை, உலையும் நுணுக்குக்காட்டியும் குறிப்பேடும் மட்டும்.

இந்தக் கலவையை அடிக்கத் தெரிந்தவர்கள் வோல்தம்ஸ்டோவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார்கள். அது 1927 இல் மூடப்பட்டது. அதை நடத்திய டெவரோ என்பவர் ஸ்லௌவில் ஹை டியூட்டி அலோய்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ரோல்ஸ் ரோய்ஸின் ஆய்வாளர்கள் வை கலவையில் இரும்பையும் வேறு சிலவற்றையும் கூட்டிக் குறைத்து உருவாக்கிய ஆர்.ஆர். கலவைகளைச் செய்துகொடுத்தது இந்த நிறுவனம்தான். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், லங்காஸ்டர் விமானங்களின் மெர்லின் என்ஜினுக்குள் இருந்த பிஸ்டன், ஆர்.ஆர். 59 கலவையை அடித்துக் கடைந்தது.

மெர்லினைப் பற்றி ஒரு விடயம். அது 27 லீற்றர் என்ஜின். போர் தொடங்கியபோது ஏறத்தாழ 1,000 குதிரைவலு. கடைசி வடிவங்கள் 2,000 ஐத் தாண்டின. சிலிண்டர் ஒரு துளிகூடப் பெருக்கவில்லை. 100 ஒக்டேன் பெற்றோல் வந்ததும் 1940 இல் சுப்பர்சார்ஜரின் அழுத்தத்தை ஆறேகால் இறாத்தலிலிருந்து 12 க்கு ஏற்றினார்கள். நல்ல பெற்றோல், கூடுதல் பூஸ்ட், அடித்த பிஸ்டன். இன்று கராஜில் நம் பிள்ளைகள் செய்வதும் இதே மூன்றுதான்.

போர் அறிவியலை வளர்க்கும் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் இடறும். போரால் வீட்டை விட்டு வந்த குடும்பம் என்னுடையது. எதிர்ப்பக்கத்தில் ஸ்ருட்கார்ட்டில் மாலே நிறுவனமும் ஜேர்மன் விமானங்களுக்கு இதேபோல் பிஸ்டன் செய்துகொண்டிருந்தது. அந்த அலங்காரப் பொருளைப் பார்த்த கண் போருக்கு முந்தியது. ஆய்வுகூடமும் போருக்கு முன்பே திறந்திருந்தது. போர் காசைக் கொட்டி அவசரப்படுத்தியது, அவ்வளவுதான்.

இனி 2618. ஆர்.ஆர். 59 இன் நெருங்கிய உறவு ஆர்.ஆர். 58. ஜெட் என்ஜினின் அமுக்கி இதழ்களுக்காக உருவானது: சுமார் 2.5 வீதம் செம்பு, 1.5 மக்னீசியம், நிக்கலும் இரும்பும் ஏறத்தாழ ஒவ்வொரு வீதம், சிலிக்கன் மிகக் கொஞ்சம். நிக்கலும் இரும்பும் அலுமினியத்தோடு சேர்ந்து உருவாக்கும் நுண்துகள்கள் சூட்டில் கரைவதில்லை, உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அமெரிக்க எண் முறையில் இதன் பெயர்தான் 2618. கொன்கோர்ட்டின் உடலை எதனால் செய்வது என்ற கேள்வி வந்தபோது எடுத்தது இதையே. ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் அதன் மூக்கு நுனி 127 பாகைக்குச் சூடாகும்.

ஹவுன்ஸ்லோவில் வளர்ந்த எங்களுக்கு கொன்கோர்ட் என்றால் ஜன்னல் கண்ணாடி அதிர்வதுதான். ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு அது போகும்வரை காத்திருப்பார். 2003 ஒக்டோபர் 24 அன்று கடைசிப் பயணிகள் விமானங்கள் ஹீத்ரோவில் இறங்கின. தலைக்கு மேலே போனதும், இன்று பிஸ்டன் பெட்டிக்குள் பஞ்சில் கிடப்பதும் ஒரே கலவை.

கொவென்ட்ரியில் இருக்கும் என் சித்தியின் மகனிடம் இந்தக் கதையைச் சொன்னது அவனுக்கு நல்லதா என்று தெரியவில்லை. அவனுடைய ஜப்பானியக் காரில் மூன்றாம் பிஸ்டனின் வளையத் தாடை உடைந்திருந்தது. கலவை நேரத்துக்கு முன் தானாக வெடிக்கும் டெட்டனேஷன் செய்கிற வேலை அது. வார்த்த பிஸ்டன் அந்த அடியைத் தாங்கவில்லை.

"அண்ணா, ஃபோர்ஜ்ட் எண்டால் காணும்தானே?" என்று ஒரு மலிவான விளம்பரத்தை அனுப்பினான். கலவை எண் எங்கும் இல்லை.

"என்ன அலோய் எண்டு கேள். சுவருக்கு எவ்வளவு இடைவெளி விடச் சொல்லுகினம் எண்டும் கேள். பதில் வராட்டில் வாங்காதை."

பதில் வரவில்லை. பிறகுதான் அவன் 2618 இல் ஆசைப்பட்டான், கொன்கோர்ட்டுக்காக. நான் கணக்கைக் காட்டினேன். 86 மில்லிமீற்றர் பிஸ்டன் 100 பாகை சூடேறினால் 2618 சுமார் 0.19 மில்லிமீற்றர் விரியும். 12 வீதம் சிலிக்கன் உள்ள 4032 சுமார் 0.17 தான். வார்ப்பிரும்புச் சிலிண்டரோ 0.09 அளவில் நிற்கும். அதனால் 2618 க்குக் கூடுதல் இடைவெளி விட வேண்டும். குளிர் காலையில் என்ஜின் சூடாகும்வரை பிஸ்டன் சுவரில் தட்டிக்கொண்டே ஓடும். சிலிக்கன் இல்லாததால் அது மென்மையும்கூட, வளையப் பள்ளம் விரைவில் தேயும். மெர்லினைச் செய்தவர்களுக்கு இது கவலையே இல்லை. அந்த என்ஜினைச் சில நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பழுது பார்த்தார்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் சராசரியில் 300 மணி நேரம் என்றால் காரில் 15,000 கிலோமீற்றர். இவன் ஒரு வருடத்தில் ஓடுவது அதைவிடக் கூட.

மிக அதிக பூஸ்டில், பந்தயத் தடத்தில், அடிக்கடி பிரித்துப் பார்க்கிற என்ஜினுக்கு 2618 ஐ எதுவும் வெல்லாது. டெட்டனேஷன் அடி விழுந்தால் 4032 அதைவிடச் சீக்கிரம் வெடிக்கும். தினமும் வேலைக்கு ஓடி, வருடத்தில் இரண்டு தடவை தடத்துக்குப் போகிற காருக்கு, பூஸ்டை அளவோடு வைத்தால், 4032 போதும் என்பது என் கருத்து. கார் நிறுவனங்கள் இன்றும் பெரும்பாலும் வார்த்த பிஸ்டனைப் போடுவதும் கஞ்சத்தனம் மட்டுமில்லை: அது குறைவாக விரியும், சத்தமில்லாமல் ஓடும், நெடுங்காலம் தேயாது.

அவன் 4032 வாங்கினான். நான் பிடிவாதமாகச் சொன்னது ஒன்றுதான்: பிஸ்டன் கைக்கு வருமுன் சிலிண்டரைக் கடையக் கொடுக்காதே. பெட்டியோடு வந்த தாளில் எந்த உயரத்தில் அளக்க வேண்டும், எவ்வளவு இடைவெளி என்று இருந்தது. கடைசல்காரர் நான்கையும் தனித்தனியாக அளந்து, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி, அதற்கேற்ப நான்கு சிலிண்டரையும் ஹோன் செய்தார். தராசில் நான்கும் ஒரு கிராம் வித்தியாசத்துக்குள் நின்றன.