ஏட்டில் எழுதாத இசை

வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் நடைபெறும் பொங்கல், வன்னி மக்களின் பெருவிழாவாகும். மதுரையை எரித்த கண்ணகி சினந் தணிந்து இலங்கைக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் இதுவென்றும், ‘பத்தாம் பளை’ என்பதே வற்றாப்பளை என மருவிற்று என்றும் மரபுக் கதை கூறும். கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் காண நந்திக்கடலோரத்தில் பல்லாயிரவர் திரள்வர். அவ்வாறு திரள்வோர்க்குக் காட்சி மட்டுமன்றிக் கேள்வியும் விருந்தாகும். நாகசுரமும் தவிலும் ஒலிக்கும், பறை முழங்கும். கண்ணகியின் கதையையே பொருளாகக் கொண்ட கோவலன் கூத்து, முல்லைத்தீவுப் பகுதியின் தனிப்பெருஞ் செல்வமாக விளங்குவது.

இவ்விசை வகைகளுக்குள் ஒரு பொதுத் தன்மை உண்டு. இவற்றின் உயிர்ப் பகுதி ஏட்டில் எழுதப்படுவதில்லை. நாகசுரக்காரர் ஓர் இராகத்தை விரிக்கும்போது, அடுத்து வரும் சங்கதி எதுவென்று எந்த நூலிலும் எழுதி வைக்கப்படவில்லை. அது அக்கணத்திற் பிறக்கின்றது. இதனையே நம் இசை மரபு மனோதர்மம் என்று போற்றுகின்றது. அவ்வாறு பிறந்த இசை, கேட்டவர் செவியிற் பதிந்தால் வாழும். பதியாவிடில் காற்றோடு கலந்து மறையும்.

இவ்வுண்மையை உணர்ந்தோர்க்கு, உலகின் மறுகோடியில் தோன்றிய ஜாஸ் இசையின் வரலாறு அந்நியமாகத் தோன்றாது. ஜாஸ் என்றவுடன் அது வெறும் ஆரவாரம், நடனசாலைக்கு உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். அதன் ஓசை நம் செவிக்குப் புதிதுதான். ஆயினும் அதன் உள்ளியல்பு, கோவில் வீதியில் விடிய விடிய மேளக் கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு எளிதில் விளங்கக்கூடியதே.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்தது நியூ ஓர்லியன்ஸ் நகரம். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்நகரின் கொங்கோ சதுக்கத்திற் கூடி, தம் முன்னோரின் முழவுகளை முழக்கி ஆடிப் பாடினர். 1865ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்த பின்னரும் அவர்தம் துயரம் ஒழியவில்லை. வயல்களிலே பாடிய வேலைப் பாடல்களும், தேவாலயங்களிலே பாடிய பக்திப் பாடல்களும், ‘புளூஸ்’ எனப்பட்ட துன்பப் பாடல்களும், பட்டாளத்து வாத்தியங்களின் ஓசையும் ஒன்றுகலந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் என்னும் புதிய இசை உருவாயிற்று.

அதன் முன்னோடிகளுள் ஒருவர் பட்டி போல்டன் என்பவர். 1877ஆம் ஆண்டிற் பிறந்த இவர், ஊதுகொம்பு வகையைச் சேர்ந்த கார்னெட் என்னும் வாத்தியத்தை வாசித்து நகரத்தையே ஈர்த்தார். 1907ஆம் ஆண்டில் மனநோயால் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு, 1931ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். அவர் வாசிப்பைத் தாங்கிய ஓர் இசைத்தட்டேனும் இன்று உலகில் இல்லை. ஜாஸின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1917ஆம் ஆண்டில். அதில் வாசித்த ஐவரும் வெள்ளையர். கறுப்பின மக்கள் படைத்த இசையின் முதற் பதிவில் அவர்களுள் ஒருவரும் இடம்பெறாமை, வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று. போல்டன் எத்துணை பெரியவர் என்பதை, அவரைக் கேட்ட முதியோர் கூறிய சொற்களால் மட்டுமே இன்று ஊகிக்க முடிகின்றது.

போல்டனுக்குக் கிட்டாத பேறு, அதே நகரிற் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ரோங்குக்குக் கிட்டிற்று. 1928ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் சிக்காகோ நகரில் அவர் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ என்னும் இசைத்தட்டை, ஜாஸ் ரசிகர்கள் இன்றும் தலைமேற் கொண்டு போற்றுகின்றனர். பக்க வாத்தியம் ஏதுமின்றி, அவரது ஊதுகொம்பு தனித்தெழுந்து முழங்கும் தொடக்கப் பகுதி சில விநாடிகளே நீடிப்பது. எனினும் தனி ஒருவரின் கற்பனை எத்துணை உயரம் செல்லக்கூடும் என்பதை அச்சில விநாடிகள் உலகுக்கு உணர்த்தின.

அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். இரவு முழுதும் இசைத்தவர்கள் மூன்று நிமிடத்துள் தம் கலையை அடக்க வேண்டியவராயினர். இதே நெருக்கடி தமிழிசைக்கும் நேர்ந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை தோடி இராகத்தை மணிக்கணக்கில் வாசிக்க வல்லவர். அவரது தோடி இசைத்தட்டுக்குக் கிடைத்த நேரமோ சில நிமிடங்கள். அக்குறுகிய இடத்துள்ளும் அவர் தோடியின் முழு உருவத்தையும் காட்டிவிட்டார். 1956ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னர் பிறந்தவர்களும் அவரது தோடியைப் பற்றிப் பேசுகின்றார்கள் என்றால், அஃது இசைத்தட்டு செய்த உபகாரமாகும்.

1948ஆம் ஆண்டில் நீண்டநேரம் ஓடும் இசைத்தட்டு வந்தது. ஜாஸுக்குக் கட்டுத் தளர்ந்தது. 1959ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் இரண்டே நாட்களில் மைல்ஸ் டேவிஸ் குழுவினர் ‘கைண்ட் ஒஃப் புளூ’ என்னும் தொகுப்பைப் பதிவு செய்தனர். அதன் பாடல்களிற் சிலவற்றிலே, கலைஞர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்கப்பட்டவை சில சுர வரிசைகளின் குறிப்புகளே. அவ்வரிசைக்குள் நின்று ஒவ்வொருவரும் தத்தம் கற்பனையை விரித்தனர். இராக ஆலாபனை கேட்டுப் பழகிய தமிழர், ஜாஸ் உலகினுள் நுழைவதற்கு இதனினும் நல்ல வாயில் இல்லை எனலாம். அக்குழுவில் சாக்சபோன் வாசித்த ஜோன் கோல்ட்ரேன், 1961ஆம் ஆண்டில் ‘இந்தியா’ என்னும் பெயரிலேயே ஓர் உருப்படியை வாசித்தார். சித்தார் மேதை ரவிசங்கர்மீது கொண்ட மதிப்பினால், 1965ஆம் ஆண்டிற் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார்.

இவ்வொற்றுமைகளைக் கண்டு இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டுதல் தவறாகும். நம் இசை, ஒரு சுரத்தின் அசைவிலும் குழைவிலும் இராகத்தின் உயிரைத் தேடுவது. ஜாஸ், பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் அடுக்குகளை அடித்தளமாகக் கொண்டு அவற்றின்மேல் உலாவுவது. நம் தாளம் ஆவர்த்தனக் கணக்கிலே கட்டுண்டது. ஜாஸின் தாளமோ, நடையை ஊசலாட்டி எதிர்பாராத இடத்திலே அழுத்தம் வைப்பது. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் இரண்டுக்கும் அநீதியாகும்.

வேற்றுமைகளை மதித்துக் கற்ற கலைஞர்களே இவ்விரு மரபுகளையும் அண்மைப்படுத்தினர். 1958ஆம் ஆண்டில் டேவ் புரூபெக் என்னும் பியானோக் கலைஞர் அமெரிக்க அரசின் சார்பில் பல நாடுகளுக்குச் சென்றபோது, இந்தியாவிலும் இலங்கையிலும் வாசித்தார். அப்பயணத்திற் சென்னையில், அவருடைய முழவுக் கலைஞர் ஜோ மொரெல்லோ மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் கூடி வாசித்தார். சமமான நடைகளிலேயே பெரிதும் பழகிய அமெரிக்க ரசிகர்களுக்கு, அடுத்த ஆண்டு புரூபெக் வெளியிட்ட ‘டைம் அவுட்’ தொகுப்பின் ஐந்தும் ஒன்பதுமான கணக்குகள் வியப்பளித்தன. கண்டநடை அறிந்த தமிழ்ச் செவிக்கு அவை வியப்பாக இரா.

அதே 1958ஆம் ஆண்டு இலங்கைத் தமிழருக்குத் துயர் மிகுந்த ஆண்டாகவும் அமைந்தது. யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்து வந்த வி. லக்ஷ்மிநாராயணன், அவ்வாண்டு இனக்கலவரத்தை அடுத்துக் குடும்பத்துடன் சென்னைக்குத் திரும்பினார். பாட்டுக்குப் பின்னின்று துணைசெய்யும் வயலின், தனித்து நின்று உலக அரங்கை வெல்லவேண்டும் என்பது அவரது வேட்கை. யாழ்ப்பாணத்திற் குழந்தைப் பருவத்தைக் கழித்த அவருடைய மைந்தர்கள் அதனை நிறைவேற்றினர். எல். சுப்பிரமணியம், ஜாஸ் வயலினின் மூத்த மேதையான பிரெஞ்சுக் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் வாசித்துப் பதிவு செய்தார். எல். சங்கர், ஜாஸ் கித்தார் கலைஞர் ஜோன் மக்லோக்லினுடன் ‘சக்தி’ குழுவில் இணைந்தார். கடத்தில் விக்கு விநாயக்ராமும், தபேலாவில் சாகிர் உசேனும் அக்குழுவில் அமர்ந்தனர். 1975ஆம் ஆண்டில் மேடையிலே பதிவாகி, மறு ஆண்டில் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டில், நம் தனியாவர்த்தனத்தின் வேகத்தையும் ஜாஸின் துணிவையும் ஒருங்கே கேட்கலாம்.

நாகசுரத்தை விரும்புவோர் மறக்கலாகாத மற்றொரு பெயர் சார்லி மரியானோ. அமெரிக்க சாக்சபோன் கலைஞரான இவர், 1960களில் மலேசிய வானொலி வாத்தியக் குழுவுக்குப் பயிற்சியளிக்கச் சென்றபோது முதன்முதலாக நாகசுரத்தைக் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் உள்ளம் பறிகொடுத்தார். பின்னர்த் தென்னிந்தியாவுக்கு வந்து, கீழ்வேளூர் கணேசனிடம் மாணாக்கராக அமர்ந்து நாகசுரம் பயின்றார். உலகப் புகழ் பெற்ற ஒருவர் நடுத்தர வயதில் மீண்டும் முதற்பாடத்திலிருந்து தொடங்கினார் என்பது, நம் மங்கல வாத்தியத்துக்குக் கிடைத்த பெருமைகளுள் தலையாயது. நம் வீட்டு முற்றத்திற் கேட்பதாலேயே நாம் குறைத்து மதிக்கும் ஒலியை, கடல்கடந்த ஒருவர் தேடி வந்து கற்றார்.

இக்கலைகளைப் பரப்பியதில் வானொலிக்கும் பங்குண்டு. இலங்கையில் 1925ஆம் ஆண்டிலேயே வானொலி நிலையம் அமைந்துவிட்டது. 1955ஆம் ஆண்டில் ‘வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா’ நிலையத்தில் ஜாஸ் நிகழ்ச்சியைத் தொடங்கிய வில்லிஸ் கொனோவர், தெளிவான நிதானமான குரலால், 1996ஆம் ஆண்டில் மறையும்வரை பல நாட்டு மக்களுக்கு அவ்விசையைக் கேட்கக் கற்பித்தார். நல்ல ரசிகர் பிறப்பதில்லை. பலமுறை கேட்டுக் கேட்டு உருவாகின்றார். ஒரே இசைத்தட்டை முதல்நாள் கேட்கும்போது ஓசையாகத் தோன்றுவது, பத்தாம் நாள் உரையாடலாக விளங்கும்.

இனி, வன்னி மண்ணின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றது நந்திக்கடற் பகுதியிலேயாகும். ஊர்கள் அனைத்தும் பெயர்ந்தன. உயிரையே காக்க இயலாத நாளில் ஒலிநாடாவையும் கூத்துக் கொப்பியையும் காத்தவர் எத்தனை பேர்? மக்கள் மீண்டனர், பொங்கலும் மீண்டது. ஆயினும் அண்ணாவியாரின் குரலும், மத்தளம் பேசிய நடையும், எழுத்திலே முழுமையாக அடங்குவன அல்ல. அவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

ஒலிப்பதிவுக் கருவி அரிதாக இருந்த காலத்திற் போல்டனின் இசை அழிந்தது. அதற்காக அவர் காலத்தவரைக் குறைகூற இயலாது. இன்று கையடக்கத் தொலைபேசியே பதிவுக் கருவியாக உள்ளது. பாடசாலை மாணவர் ஒருவர், தம் ஊர்ப் பெரியவரிடம் சென்று ஒரு கூத்துப் பாட்டைப் பாடக் கேட்டு, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றுடன் பதிந்து வைப்பாராயின் அதுவே ஒரு வரலாற்றுப் பணியாகும். பதிந்தால் மட்டும் போதாது. அதனை வீட்டிலும் வகுப்பிலும் பலமுறை கேட்டுப் பழகவும் வேண்டும். ஏட்டில் எழுதாத இசைக்குச் செவியே ஏடு.