லண்டன் குளிரில் எழுதப்பட்ட ஊர்விலக்கத் தடை

ஒவ்வொரு ஜூலை 7ஆம் தேதியும் நம் மேடைகளில் ஒரு கதை தவறாமல் வரும். லண்டனில் வட்டமேசை மாநாடு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரதிநிதிகளுக்கு வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டே வருகிறார். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் மட்டும் கையை நீட்டவில்லை. ஏன் என்று கேட்டால், நான் தீண்டத்தகாதவன், என்னைத் தொட்டால் உங்களுக்கே தீட்டு என்கிறார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்க, தெருவில் நாங்கள் விழுந்து கிடந்தாலும் சாதிக்காரன் தூக்கிவிட மாட்டான் என்று விளக்குகிறார். மன்னர் வலிய அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். இந்த இடத்தில் கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சிலர் சட்டையில் 'பறையன்' என்று பட்டை குத்தியிருந்தார் என்பார்கள், சிலர் அந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள். மாறினாலும் அது நம் கதைதான், பிடுங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. என் ஆதங்கம் வேறு. கைகுலுக்கல் அரை நிமிஷத்து வேலை. தாத்தாவும் அண்ணல் அம்பேத்கரும் அந்தக் குளிர்காலத்தில் லண்டனில் இருந்தது இரண்டு மாதத்துக்கும் மேல். மிச்ச நாளெல்லாம் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை.

முதல் வட்டமேசை மாநாட்டை 1930 நவம்பர் 12 அன்று மன்னர் தொடங்கி வைத்தார். 1931 ஜனவரி 19 அன்று அது முடிந்தது. லண்டனின் மோசமான பருவம் முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது. நமக்கு மார்கழிக் குளிர் என்றால் விடிகாலையில் ஒரு போர்வை, டீக்கடையில் ஒரு மப்ளர், ஒன்பது மணிக்கு வெயில் வந்ததும் மறந்துபோகும். அங்கே டிசம்பர் கடைசியில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அந்தக் காலத்து லண்டனில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. புகையும் மூடுபனியும் கலந்து பகலிலேயே விளக்கேற்ற வேண்டிய நாட்கள் உண்டு. மாநாட்டுக்கு உடல்நலமில்லாமலே வந்திருந்த மௌலானா முகமது அலி, மாநாடு முடிவதற்குள் ஜனவரி 4 அன்று லண்டனிலேயே இறந்துபோனார்.

அண்ணலுக்கு அந்தக் குளிர் புதிதல்ல. 1916இலும், பிறகு 1920 முதல் 1923 வரையும் அங்கே படித்தவர். அரை வயிற்றோடு பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்த வாழ்க்கை அது. மாநாட்டுக்கு வரும்போது அவருக்கு வயது 39. தாத்தாவோ 1859இல் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர், எழுபதைத் தாண்டியிருந்தார். லண்டன் போக வேண்டும் என்பது அவருடைய முப்பது வருஷத்து எண்ணம். 1900 வாக்கில் அதற்காகக் கிளம்பியவர், பிழைப்பு இழுத்ததில் ஆப்பிரிக்காவில் தங்கிப்போனார். தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. ஊர் திரும்பவே இருபது வருஷம் ஆனது.

அவர் போவதற்கு முன்னால் அவருடைய காகிதம் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்துவதுபோல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் தரப்பு கேட்டது. நடத்தினால் மொத்த நிர்வாகமும் சாதி இந்துக்கள் கைக்குப் போய்விடும் என்று சென்னையில் கூட்டம் போட்டு எதிர்த்தவர் 'பறையன்' பத்திரிகை ஆசிரியர் சீனிவாசன். 3412 பேர் கையெழுத்து, 112 அடி நீள மனு. அது பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலையாக இருந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த 112 அடியின் நீளம் புரியும்.

மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் எழுபது பேருக்கு மேல். சமஸ்தான ராஜாக்கள், திவான்கள், ஜமீன்தார்கள், வக்கீல்கள். காங்கிரஸ் புறக்கணித்திருந்தது. தருமபுரி அப்போது தனி மாவட்டமல்ல, 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தில் ஒரு பகுதி. அந்தச் சேலம் மாவட்டத்துக்கும் லண்டனில் ஒரு முகம் இருந்தது. குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து ராதாபாய் சுப்பராயன், மாநாட்டுக்குப் போன இரண்டு பெண்களில் ஒருவர். அவர் போனதில் நமக்கு வருத்தமில்லை. அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி சேரிகளுக்கும் சேர்த்துப் பேசப் போனது யார் என்றால், நாடு முழுக்க 4 கோடியே 30 லட்சம் பேருக்காக அந்த இரண்டே பேர்தான்.

நவம்பர் 20 அன்று அண்ணல் பேசினார். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு தலைமையில், ஆட்சியாளர்களின் தலைநகரில் நின்றுகொண்டு, உங்கள் ஆட்சியால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். நீங்கள் வருவதற்கு முன் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியவில்லை, நூற்றைம்பது வருஷம் ஆண்ட பிறகும் எடுக்க முடியவில்லை. அரசியல் அதிகாரம் எங்கள் கையில் வராமல் எங்கள் குறை தீராது, சுயராஜ்ய அரசியலமைப்பில்தான் அதற்கு வழி உண்டு. பேச்சின் சாரம் இது. அவரை வெள்ளைக்காரன் ஆள் என்று இன்றைக்கும் எழுதுகிறவர்கள் அந்தப் பேச்சை ஒருமுறையாவது படித்திருந்தால் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

பேச்சு முடிந்ததும் உட்கார்ந்து எழுதும் வேலை தொடங்கியது. டிசம்பர், ஜனவரியில் சிறுபான்மையினர் துணைக்குழு கூடியது. அதன் முன் இருவரும் கையெழுத்திட்ட ஒரு மனு வைக்கப்பட்டது. சுயாட்சி பெறும் இந்தியாவில் ஒடுக்கப்பட்டோருக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று எட்டு நிபந்தனைகள். சம குடியுரிமை, சட்டமன்றத்தில் இடம், அரசு வேலையில் பங்கு, அமைச்சரவையில் இடம் என்று போகும். தனித்தொகுதி கேட்டது எல்லோருக்கும் தெரியும். பத்து வருஷத்துக்குத் தனித்தொகுதி, அதன் பிறகு கூட்டுத்தொகுதியில் ஒதுக்கீடு. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை தராமல் கூட்டுத்தொகுதியை எங்கள் மேல் திணிக்கக் கூடாது என்பதுதான் கேட்ட வடிவம். அதை ஒட்டித்தான் அடுத்த வருஷத்து மாநாட்டில் காந்தியோடு மோதல், 1932 ஆகஸ்டில் தனித்தொகுதித் தீர்ப்பு, செப்டம்பரில் எரவாடா உண்ணாவிரதம், பூனா ஒப்பந்தம் எல்லாம். அந்த வரலாற்றை நாம் ஆயிரம் தடவை எழுதிவிட்டோம்.

எழுதாமல் விட்டது இரண்டாவது நிபந்தனையை. உரிமையைக் காகிதத்தில் கொடுத்தால் போதாது, அதைப் பயன்படுத்தப் போகிறவனை ஊர் என்ன செய்யும் என்று அது கேட்கிறது. அடிப்பார்கள், அது ஏற்கெனவே குற்றம். அடிக்காமலே கொல்ல ஒரு வழி இருக்கிறது, அதுதான் ஊர்விலக்கம். கூலிக்குக் கூப்பிடாதே, குத்தகை நிலத்தைப் பிடுங்கு, கடையில் அரிசி கொடுக்காதே, வண்டிப்பாதையை மறி. பொதுக் கிணற்றில் ஒரு குடம் இறக்கியதற்கு ஒரு சேரியே பட்டினி கிடக்கும். 1928இல் பம்பாய் அரசு அமைத்த குழு இதைத்தான் விரிவாகப் பதிவு செய்தது. அந்தப் பதிவை மனுவில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

தாத்தாவுக்கு இதற்குப் பம்பாய் அறிக்கை தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் எல்லாம் எல்லோருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவரே அவர்தான். அரசாணையும் வந்தது. ஆணை வந்த பிறகு கிராமத்தில் என்ன மாறியது என்பதை ஆறு வருஷம் பார்த்துவிட்டு லண்டன் போனவர். தடை எழுதினால் போதாது, தண்டனை எழுத வேண்டும் என்று தெரிந்தவர்.

தண்டனை வாசகங்களை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1922இல் பர்மாவில் வெள்ளை அரசு புறக்கணிப்பு எதிர்ப்புச் சட்டம் ஒன்று போட்டது. சேரிக்காக அல்ல. அங்கே தேசிய இயக்கத்தார் அரசுக்கு ஒத்துழைத்தவர்களைப் புறக்கணித்தார்கள், தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொள்ள அரசு சட்டம் போட்டது. உன் ஆளுக்கு ஆபத்து என்றதும் புறக்கணிப்பு குற்றமாகிவிடுகிறது, அப்படியானால் அதே சட்டத்தை எங்களுக்கும் கொடு. வாதம் இவ்வளவுதான். வாசகங்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துச் சின்னச் சின்ன மாற்றங்களோடு மனுவில் வைத்தார்கள்.

வீடோ நிலமோ வாடகைக்கு, குத்தகைக்கு விட மறுப்பது. வேலை கொடுக்க, வேலை செய்ய, வியாபாரம் வைத்துக்கொள்ள மறுப்பது. வழக்கமாக இருந்து வந்த சமூக, தொழில் உறவை நிறுத்துவது. சட்டப்படியான உரிமையைப் பயன்படுத்தும்போது தொல்லை கொடுப்பது. இவையெல்லாம் புறக்கணிப்பு. செய்தவனுக்கு ஏழு வருஷம் வரை சிறை, தூண்டியவனுக்கும் மிரட்டியவனுக்கும் ஐந்து வருஷம் வரை. தொழிலாளர் வேலைநிறுத்தமும் சாதாரண வியாபாரப் போட்டியும் இதில் வராது என்று விலக்கும் எழுதியிருக்கிறார்கள். தொழிற்சங்கத்துக்கு எதிராக முதலாளி இதைத் திருப்பிவிடக் கூடாது என்ற கவனம் அது.

அந்த மனு அன்றைக்குச் சட்டமாகவில்லை. ஆனால் செத்துப்போகவும் இல்லை. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். தீண்டாமை ஒழிப்பால் கிடைத்த உரிமையைப் பயன்படுத்தியவரைப் புறக்கணிப்பது குற்றம் என்று வருகிறது. புறக்கணிப்பு என்றால் என்ன என்ற விளக்கம் ஏறக்குறைய லண்டன் மனுவின் வார்த்தைகளிலேயே இருக்கிறது. தண்டனை மட்டும் சுருங்கிவிட்டது. ஏழு வருஷம் கேட்டார்கள், கிடைத்தது ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் அபராதம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தபோதும் சமூகப் புறக்கணிப்பு தனிக் குற்றமாக அதில் இல்லை. 2015இல் திருத்தம் நிறைவேறி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை. லண்டன் குளிரில் எழுதியதற்கும் இதற்கும் இடையில் 85 வருஷம்.

அந்த 85 வருஷத்துக்குள் நம் மாவட்டத்தில் ஊர்விலக்கத்தின் கதையும் மாறிவிட்டது. வானம் பார்த்த பூமி நம்முடையது. ஊரான் நிலத்தை மட்டும் நம்பி நின்றவரைக்கும் ஊர்க்கட்டுப்பாடு ஒன்றே போதும், சேரி பணிந்துவிடும். பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய், சம்பாத்தியம் வெளியிலிருந்து வரத் தொடங்கியதும் அந்த ஆயுதம் மழுங்கியது. கூலிக்குக் கூப்பிட மாட்டேன் என்று பெங்களூரில் வேலை பார்ப்பவனிடம் போய்ச் சொல்ல முடியுமா? 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன, கொள்ளையும் நடந்தது. ஒரு காதல் திருமணம்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. எரிந்தவற்றில் எத்தனை, வெளியூர்ச் சம்பாத்தியத்தில் கட்டிய காரை வீடுகள் என்று அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். பட்டினி போட முடியாதவனின் வீட்டுக்கு நெருப்பு வந்தது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அதற்காக ஊர்விலக்கம் ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். வெளியூர் போக முடியாத வயசானவர்கள், ஆடு மாடு வைத்திருப்பவர்கள், நூறு நாள் வேலையையும் பக்கத்துத் தோட்டத்தையும் நம்பியிருக்கும் பெண்கள் மேல் அது இன்னும் பாய்கிறது. தண்ணீர்க் குழாயில், மளிகைக் கடையில், மேய்ச்சல் நிலத்துப் பாதையில். நம் ஆட்களே இதைப் புகாராக எழுதுவதில்லை. அடித்தான், சாதி சொல்லித் திட்டினான் என்று எழுதுவார்கள். கடையில் பொருள் தரவில்லை என்பதை, அதெல்லாம் கேஸா என்று விட்டுவிடுவார்கள்.

இப்போது நம் பிள்ளைகளில் சிலர் உதவித்தொகையில் லண்டனுக்குப் படிக்கப் போகிறார்கள். கிங் ஹென்றிஸ் சாலை 10ஆம் எண் வீட்டுக்கு முன் கோட்டும் குல்லாயும் போட்டுப் படம் அனுப்புகிறார்கள். 1921, 22இல் அண்ணல் தங்கிய வீடு, 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவிடமாக்கியது. அதே குளிரில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள் என்று அவர்களிடம் சொல்லுவேன். உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று பார்க்கலாம். மாநாடு அந்த அரண்மனையில்தான் நடந்தது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)(இசட் சி). யார், எந்தத் தேதியில், எதை மறுத்தார் என்று புகாரில் தனித்தனியாக எழுதுங்கள். ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தால் கூட்டம் நடந்த இடம், தண்டோரா போட்டது, கூட்டத்தில் பேசியவர் பெயர் எல்லாம் வேண்டும். விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி. ஸ்டேஷனில் ஏட்டு எழுதி வாங்கி அனுப்பிவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள்.