ஆனி மாதத்து வேப்பங்கொட்டை

ஆனியில் வேம்பு பழுக்கும். காக்கையும் மைனாவும் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பும். விடிகாலையில் விளக்குமாறும் கூடையுமாக வரும் பெண்கள் அதைக் கூட்டி அள்ளுவார்கள்.

கொட்டையின் தலையெழுத்தில் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடும். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், பருப்பு கறுத்துவிடும். நிழலில் உலர்த்தினால் உடைக்கும்போது உள்ளே பச்சை தெரியும். வேம்பின் கசப்புப் பொருள்களில் ஒன்றான அசாடிராக்டின் சிதையாமல் இருப்பது அதில்தான். பட்டர்வொர்த், மார்கன் என்ற இருவர் 1968இல் பிரித்தெடுத்த பொருள் அது. அதையே ஆய்வுக்கூடத்தில் முழுதாகக் கட்டியெழுப்ப, கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினருக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, முடிந்தது 2007இல். மரத்துக்கோ அது ஆண்டுதோறும் உதிர்க்கும் சரக்கு.

உள்ளூர் வியாபாரியிடமிருந்து கொட்டை ஆலைக்குப் போகிறது. எண்ணெய் ஒரு வழி, புண்ணாக்கு ஒரு வழி. நெல்லுக்கு வேண்டியது புண்ணாக்கு. (மண் கலந்து விற்பவர்களும் உண்டு, முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.)

நாற்றங்காலில் புண்ணாக்கு சந்திக்கும் எதிரி நெல் வேர்முடிச்சு நூற்புழு. 1965இல் அமெரிக்காவின் லூசியானாவில், ஒரு களைப்புல்லின் வேரில் கண்டு பெயரிட்டார்கள். குஞ்சுப்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வேர் நுனிக்குள் நுழைந்தால் நுனி வீங்கிக் கொக்கிபோல் வளையும், பயிர் மஞ்சளித்துக் குட்டையாகும். நீர் நிற்கும் வயலில் புழு வேருக்குள் புகுவது கடினம். அதனால்தான் புழுதி விதைப்பிலும் தண்ணீர் தேங்காத நாற்றங்காலிலும் அதன் ஆட்டம் அதிகம்.

வேப்பஞ்சாற்றை ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் விட்டால் புழு துவண்டு கிடக்கும். அதைக் கண்டு மயங்க வேண்டாம். வயல் மண் சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; நுண்ணுயிர்கள் சீக்கிரமே சிதைத்துவிடும். புண்ணாக்கோ மண்ணில் மெல்ல மக்கும். கசப்புப் பொருளோடு அப்போது வெளிவரும் அம்மோனியாவும் புழுவைத் தாக்கும். என் கணக்கில் சாற்றைவிடப் புண்ணாக்கே மேல்.

ஆனால் எதற்கும் நேரம் உண்டு. இந்தப் புழுவின் பெண் வேருக்குள்ளேயே முட்டையிடும். உள்ளே குடியேறியபின் வெளியே எதைக் கொட்டினாலும் அதைத் தொடுவது அரிது. ஆகவே புண்ணாக்கு விதைப்புக்கு முன்பே மண்ணில் கலந்திருக்க வேண்டும். போன பருவத்து நாற்றில் நாலைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தீர்களா? கொக்கி தெரிந்திருந்தால், இந்த ஆனியிலேயே கொட்டை பொறுக்கத் தொடங்குங்கள்.