சரக்கோடு செல்லும் ஆவணங்கள்: எது ரசீது, எது உரிமை?

ஆம்பூர், வாணியம்பாடி தோல் பொருட்கள் முதல் வளைகுடாவுக்குப் போகும் மசாலா வரை, நம் சமுதாயத்தில் பல குடும்பங்களின் வாழ்வாதாரம் சரக்கு அனுப்புவதில் உள்ளது. பொருளின் தரத்தில் காட்டும் கவனத்தை ஆவணங்களில் நாம் காட்டுவதில்லை. பணம் வரும் முன்பே சரக்கு பறிபோக இது வழி திறந்துவிடுகிறது.

கடல் வழி: பில் ஆஃப் லேடிங்

சரக்கை ஏற்றியதும் கப்பல் நிறுவனம் தரும் இந்த ஆவணத்துக்கு மூன்று வேலைகள் உண்டு. சரக்கு பெற்றதற்கு ரசீது, சுமந்து செல்லும் ஒப்பந்தத்துக்குச் சான்று, சரக்கின் உரிமைப் பத்திரம். வழக்கமாக மூன்று அசல்கள் தரப்படும். ஓர் அசலைக் காட்டிச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. எனவே மூன்றும் ஒரே கையில் இருப்பதே பாதுகாப்பு.

பெறுபவர் இடத்தில் 'ஆர்டர்' என்று இருந்தால், காசோலையைப் போல் பின்புறம் கையெழுத்திட்டு மற்றவருக்கு மாற்றலாம். வாங்குபவரின் பெயர் மட்டும் இருந்தால் அப்படி மாற்ற முடியாது. பெட்டி உடைந்தது, மூட்டை நனைந்தது போன்ற குறிப்பு ஏதும் இல்லாததே 'கிளீன்' பில். வங்கிகள் கேட்பது இதைத்தான். இந்தியாவில் 1856-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய பில் ஆஃப் லேடிங் சட்டம் இயற்றப்பட்டது.

வான் வழி: ஏர்வே பில்

இது ரசீதும் ஒப்பந்தச் சான்றும் மட்டுமே, உரிமைப் பத்திரம் அல்ல. பெறுபவராகக் குறிக்கப்பட்டவர் அசலைக் காட்டாமலே சரக்கை எடுத்துக்கொள்ளலாம். 'அசல் என்னிடம் இருக்கிறதே' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. முன்பணம் பெறுங்கள். அல்லது வாங்குபவரின் வங்கி சம்மதித்தால் அந்த வங்கியையே பெறுபவராகக் குறிப்பிடுங்கள்.

சாலை வழி: எல்.ஆர்., இ-வே பில்

லாரி நிறுவனம் தரும் ரசீது எல்.ஆர். எனப்படும். இ-வே பில் என்பது ஜி.எஸ்.டி. தொடர்பான ஆவணம். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக இது கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் வரம்பு 1 லட்சம் ரூபாய். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் இது செல்லுபடியாகும். வழியில் தாமதமானால், காலாவதிக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம்.

வங்கி பார்ப்பது காகிதத்தை

எல்.சி. முறையில் வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும், சரக்கைத் திறந்து பார்க்காது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், காப்பீடு ஆகியவற்றில் எடையோ பொருளின் விவரமோ முரண்பட்டால், பணம் தர மறுக்க அதற்கு உரிமை உண்டு.

நடுக்கடலில் இருப்பதை விற்கலாமா?

வாங்கிய பொருள் கைவசம் வரும் முன் அதை விற்பதை மார்க்கம் தடுக்கிறது. நேரடியாகக் கையில் பெறுவது ஒரு வகை. சட்டப்படி கைவசமானதாகக் கருதப்படுவது மற்றொரு வகை. தம் பெயரில் எழுதப்பட்ட அல்லது தமக்கு மாற்றிக் கையெழுத்திடப்பட்ட பில் ஆஃப் லேடிங்கைப் பெறுவதை, தற்கால ஃபிக்ஹ் அறிஞர்கள் பலர் இரண்டாம் வகையில் சேர்க்கிறார்கள். வெறும் இன்வாய்ஸோ வாட்ஸ்அப்பில் வந்த படமோ அந்த இடத்தைப் பெறாது. மத்ஹபுகளுக்கிடையே இதில் நுணுக்கமான வேறுபாடுகள் இருப்பதால், உங்கள் வியாபார விவரத்தைச் சொல்லி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியே பேசுகிறது. பழகிய வியாபாரி, உறவுக்காரர் என்று ஆவணத்தைத் தளர்த்த வேண்டாம். உறவு கெடாமல் காப்பதும் அந்தக் காகிதம்தான். கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள்: பெறுபவர் யார், அசல்கள் யாரிடம், எல்லாத் தாள்களிலும் விவரம் ஒன்றுதானா?

அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக!